நாலாம் ஆண்டிலும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான்: சோம்பலா, டிஸ்லெக்சியாவா?

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சுருக்கித் தருகிறோம்.

மகனுக்கு 9 வயது, தரம் 4. சுற்றாடல் பாடத்தில் வாயால் கேட்டால் எல்லாம் சொல்லுவான். மனக்கணக்கில் அக்காவையே முந்துவான், வசனக்கணக்கு என்றால் நின்றுவிடுவான். வாசிக்கக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறான், வரி முடிவதற்குள் முதற் சொல் மறந்துபோகிறது. சொல்வதெழுதலில் பத்துக்கு மூன்று, நாலு. "கெட்டிக்காரன், ஆனா சரியான சோம்பல்" என்கிறார் வகுப்பு டீச்சர். பிழைத்த சொல் ஒவ்வொன்றையும் 50 தரம் எழுதி வரச் சொல்கிறார். ஒரு நாள் அடிமட்டத்தால் கையில் அடியும் விழுந்திருக்கிறது. இப்போது பள்ளிக்கூட நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. போன் பார்த்துத்தான் இப்படி ஆனான் என்கிறார் மாமி. லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஓட்டும் கணவர், "நானும் இப்பிடித்தான், எட்டாம் ஆண்டோட விட்டன், அவனும் தொழிலப் பழகட்டும்" என்கிறார். இங்கிலிஷ் மீடியத்தில் போடு, 26 எழுத்துத்தானே என்கிறார் கொழும்பிலுள்ள தம்பி. விசேட கல்வி அலகு (விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பு) இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்கிறார் தெரிந்த ஒருவர். இரண்டு மாதமாக 'மூளை வளர்ச்சி' சிரப் வேறு கொடுக்கிறார் தாய். அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்பதால், அது முடிந்த பிறகு டொக்டரிடம் காட்டலாமா என்று கேட்டு, கொப்பியின் ஒரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பரீட்சை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். டொக்டரின் சான்றிதழ் கைக்கு வரும்வரையும் காத்திருக்க வேண்டாம். சான்றிதழ் பாடசாலைக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் தேவைப்படும் கடதாசி. வாசிக்கப் பழக்கும் வேலையை இந்தக் கிழமையே வீட்டில் தொடங்கலாம். அதற்கும் முன்னால் ஒன்றை நிறுத்த வேண்டும்: அந்த 50 தரம்.

கடிதத்தை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (ஒலியையும் எழுத்தையும் பொருத்துவதில் வரும் வாசிப்புச் சிரமம்) என்று முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதிய அடையாளங்கள் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன. காதால் கேட்டு விளங்குகிறது, மனக்கணக்கு வருகிறது, எழுத்தைக் கண்ட இடத்தில் மட்டும் தடுக்குகிறது, தகப்பனுக்கும் அதே சிக்கல் இருந்திருக்கிறது. டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்வது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வருகிற வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு கூட. பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம் என்பதே பொதுவான கணிப்பு. ஆகவே 35 பேர் உள்ள வகுப்பில் உங்கள் மகன் தனி ஆளாக இருக்க வாய்ப்பில்லை.

இது கண்ணில் உள்ள கோளாறும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து உணர்வதிலும், அந்த ஒலியை எழுத்தோடு சட்டென்று பொருத்துவதிலும் மூளைக்கு ஏற்படும் சிரமம் இது. போனால் வருவதில்லை. இரவில் நெடுநேரம் போன் பார்த்து நித்திரை கெட்டால் காலையில் கவனம் குறையும், அதற்காக மட்டும் மாமி சொல்வதைக் கேளுங்கள். சிரப்பை நிறுத்திவிடலாம். டிஸ்லெக்சியாவுக்கு மருந்து கிடையாது. நிறக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் கண் மருத்துவர்களின் சங்கமும் 2009இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டன, அவற்றால் வாசிப்புச் சிக்கல் தீரும் என்பதற்கு ஆதாரமில்லை என்று. கோயிலில் நூல் கட்டியதையும் எழுதியிருந்தீர்கள். அது இருக்கட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

கொப்பி சொல்லும் கதை

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பத்துச் சொல்லில் ஏழு பிழை. டீச்சர் ஏழுக்கும் ஒரேமாதிரிச் சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறார். ஆனால் ஏழும் ஒரே வகைப் பிழை அல்ல.

'மழை'யை 'மளை' என்றும், 'குளம்' என்பதைக் 'குலம்' என்றும், 'நண்பன்' என்பதை 'நன்பன்' என்றும் எழுதியிருக்கிறான். இந்த மூன்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் ழகரத்தை ளகரமாகத்தான் பலரும் பேசுகிறோம். ல, ள, ழவும் ண, னவும் எழுத்துக் கூட்டலை மனதில் பதித்து வருபவை, நன்றாக வாசிக்கிற பிள்ளையும் தரம் 5வரை இவற்றில் பிழை விடும். இதை வைத்து டிஸ்லெக்சியா என்றும் சொல்ல முடியாது, சோம்பல் என்றும் சொல்ல முடியாது.

மற்ற நாலையும் பாருங்கள். 'பந்து' 'பத்து' ஆகிவிட்டது. 'ந்' என்ற மெல்லிய ஒலி அவன் காதில் தனியாகப் பிரிந்து விழவில்லை. 'பாடசாலை' 'படாசலை' ஆகியிருக்கிறது. எங்கோ நெடில் இருக்கிறது என்று தெரிகிறது, எந்த எழுத்தில் என்று பிடிபடவில்லை. 'மேசை' 'மெசை'யானதும் குறில் நெடில் சிக்கல்தான். 'கொக்கு' 'கெக்கு' ஆனது கொஞ்சம் வேறு. காதில் முதலில் விழுவது 'க்', ஆனால் கை முதலில் எழுத வேண்டியது கொம்பு, பிறகு 'க', அதன்பின் கால். மூன்று துண்டையும் ஒழுங்காக நினைவில் வைத்திருக்க வேண்டும். கடைசித் துண்டு தவறிவிட்டது.

தமிழ் எழுத்தில் கற்பதற்கு இந்த மாதிரி நுணுக்கங்கள் கூட. 247 எழுத்தையும் தடையின்றிச் சொல்லச் சாதாரணப் பிள்ளைக்கே இரண்டு மூன்று வருடம் எடுக்கும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இன்னும் கூட. கிறுக்கல் எழுத்து, பாதியில் விட்ட கொப்பி எல்லாம் இதன் விளைவுதான். மற்றப் பிள்ளை கரும்பலகையை ஒருமுறை பார்த்து ஒரு சொல்லை எழுதும். இவன் ஒரு எழுத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பான், திரும்பும்போது எந்த வரி என்று தேடுவான், அதற்குள் பலகை அழிந்துவிடும்.

50 தரம் ஏன் பலிப்பதில்லை என்று இப்போது விளங்கும். 'கெக்கு' என்று எழுதத் தொடங்கினால் 50 தரமும் 'கெக்கு'தான். சரியாகத் தொடங்கினாலும் பத்தாவது தரத்துக்குப் பிறகு முதலில் எல்லா 'கொ'வையும் கீழே கீழே எழுதி, பிறகு எல்லா 'க்'கையும் எழுதி நிரப்புவான். ஒலிக்கும் எழுத்துக்கும் இடையில் ஒன்றும் பதியாது.

வீட்டில் இருந்தபடி மூன்று சின்னச் சோதனைகள்

நோயைத் தீர்மானிக்க அல்ல, எங்கே தொடங்குவது என்று அறிய. முதலாவது, எழுத்தே காட்டாமல் கேளுங்கள்: "மரத்தில 'ம'வ எடுத்தா மிச்சம் என்ன?" "கடல்ல 'க'வ எடுத்துப்போட்டு 'ப' போட்டா?" இதில் தடுமாறினால் வேலை காதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது, தரம் 2 புத்தகத்தில் ஒரு பாடத்தை வாசிக்கவிட்டு, அதே வசனத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். முன்னோக்கிச் சரளமாகவும் பின்னோக்கித் திணறலாகவும் வந்தால் அவன் வாசிக்கவில்லை, படத்தைப் பார்த்து மனப்பாடத்தை ஒப்புவிக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படித்தான் தரம் 3வரை தப்பி வந்துவிடுகிறார்கள். மூன்றாவது, உயிர்மெய் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுக் காட்டி, இரண்டு விநாடிக்குள் சொல்லாததை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் பாடத்திட்டம்.

ஒரு நாளைக்கு 20 நிமிடம்

கிழமைக்கு ஐந்து நாள் போதும். ரியூசன் முடிந்து களைத்து வந்த பிறகு வேண்டாம், சாப்பிட்டு விளையாடிய பிறகு செய்யுங்கள். 20 நிமிடத்தை 40 ஆக்கினால் பலன் இரண்டு மடங்காகாது, அடுத்த நாள் ஒளிந்துகொள்வான்.

முதல் ஐந்து நிமிடம் காது. மேலே சொன்ன மாதிரிச் சொல்லைப் பிரிப்பது, ஒலியை மாற்றுவது. 'பந்து' - 'பத்து', 'கல்' - 'கால்' என்று இரட்டையாகச் சொல்லி, எது குறில், எதில் 'ந்' இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்யுங்கள். நெடிலுக்குக் கையை நீட்டி இழுக்கட்டும், குறிலுக்கு ஒரு தட்டு.

அடுத்த ஐந்து நிமிடம் எழுத்து அட்டை. இங்கேதான் பெரும்பாலும் பிழை விடுகிறோம். க, கா, கி, கீ என்று சுவரில் தொங்கும் அட்டவணையை வரிசையாகச் சொல்லவைத்தால் அது பாட்டாகிவிடும். தனியாகக் காட்டினால் தெரியாது. ஒரு குறியை மட்டும் எடுங்கள். முதலில் கால்: கா, மா, பா, தா, வா. அது கைவந்த பிறகு ி, இன்னும் சில நாள் கழித்து ீ. பிறகு கொம்பு வைத்தவை. உகர, ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும், கு, சு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஆகவே அவற்றையும், இரண்டு பக்கமும் குறி வரும் கொ, கோ வரிசையையும் கடைசிக்கு வையுங்கள். ஒரு நாளில் மூன்று புது அட்டைக்கு மேல் வேண்டாம். தயங்காமல் மூன்று நாள் சொன்ன அட்டையை 'வென்ற' பெட்டிக்குப் போட்டு, கிழமைக்கு ஒருதரம் மட்டும் எடுத்துப் பாருங்கள். த - ந, எ - ஏ போன்ற குழப்பச் சோடிகளை ஒரே நாளில் புதிதாகக் காட்டாதீர்கள், ஒன்று உறுதியான பிறகே மற்றது.

மூன்றாவது ஐந்து நிமிடம் சொல் கட்டுவது. சோடாப் போத்தல் மூடிகளில் எழுத்து ஒட்டி, நீங்கள் சொல்லும் சொல்லை அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கும்போது ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது முக்கியம். பிறகு ஒரே ஒரு தரம் பார்க்காமல் எழுதட்டும். மணலில் எழுதுவது நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுதலாம், ஆனால் வாய் மூடியிருந்தால் மணலாலும் பயனில்லை.

கடைசி ஐந்து நிமிடம் வாசிப்பு. 40, 50 சொல்லுள்ள ஒரு பந்தி, தரம் 2 புத்தகத்திலிருந்து. தரம் 4 புத்தகத்தை இதற்கு எடுக்க வேண்டாம். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து, பிறகு அவன் தனியாக. தடக்கினால் மூன்று விநாடி பொறுங்கள், வராவிட்டால் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்க விடாதீர்கள். அதே பந்தி நாலு நாள். அலுக்குமே என்று நினைப்பீர்கள்; தனக்கே வேகம் கூடுவது தெரிந்தால் அவனுக்கு அலுக்காது. வெள்ளிக்கிழமை போனில் ஒரு நிமிடம் வைத்து, சரியாக வாசித்த சொல் எத்தனை என்று திகதியோடு குறியுங்கள்.

தரம் 4 பாடங்களை என்ன செய்வது? நீங்களோ அக்காவோ வாசித்துக் காட்டுங்கள், போனில் பதிந்தும் வைக்கலாம். வாசிப்பு பின்னுக்கு நிற்கிறது என்பதற்காக அறிவையும் பின்னுக்கு நிறுத்தக்கூடாது. அக்கா சிரிக்கக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

எங்கே காட்டுவது

களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் தொடங்கலாம். முதலில் பார்வையும் கேட்டலும் சோதிக்க வேண்டும். சின்ன வயதில் காதில் சீழ் வந்த பிள்ளை என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பிறகு குழந்தை வைத்திய நிபுணரின் கிளினிக். தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார், உளநலப் பிரிவுக்கோ பேச்சு சிகிச்சையாளருக்கோ. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை, ஆனால் திகதி கிடைக்கச் சுணங்கும். அதனால்தான் இப்போதே பதியச் சொல்கிறேன்.

போகும்போது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு, தவணை முன்னேற்ற அறிக்கைகள், தரம் 1 முதல் இன்றுவரை வருடத்துக்கு ஒரு கொப்பி, வகுப்பு டீச்சரின் ஒரு பக்கக் கடிதம், நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் எழுதிய கணக்கு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமல்ல. குறிப்பாகக் கவனித்துப் பயிற்சி கொடுத்தும் ஆறு மாதத்துக்கு மேல் சிரமம் நீடிக்கிறதா என்பது நிபுணர்கள் பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று. இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ டிஸ்லெக்சியா தெரியாது. ஆனால் முன்பு வாசித்ததை இப்போது மறந்துகொண்டு வந்தாலோ, பேசிக்கொண்டிருக்கையில் சில விநாடி வெறித்துப் பார்த்து நின்றாலோ அது வேறு விஷயம், அதை உடனே காட்ட வேண்டும்.

பாடசாலையில் கேட்க வேண்டியவை

டீச்சரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஆசிரியர் பயிற்சியில் இதை ஆழமாகக் கற்றவர்கள் குறைவு, அது அவர் குற்றமல்ல. வகுப்பு முடிந்த பிறகு கொப்பிப் பக்கத்தோடு போய், அந்த நாலு பிழையையும் காட்டுங்கள். கேட்க வேண்டியது: முன்வரிசையில் இடம், திடீரென்று எழுப்பி உரத்து வாசிக்கச் சொல்லாமை, பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியிலிருந்து படமெடுக்க அனுமதி, சொல்வதெழுதலுக்குப் பத்துக்குப் பதிலாக ஒரே வகைச் சொல் ஐந்து, சுற்றாடலில் வாய்மொழி விடைக்கும் புள்ளி. இதையே ஒரு கடிதமாக அதிபருக்குக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள்.

அடிப்பது வேறு. பாடசாலைகளில் உடல் தண்டனையைக் கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கையிலேயே தடுத்திருக்கிறது. முதலில் அதிபரிடம் சொல்லுங்கள். தொடர்ந்தால் பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். பிள்ளைகளுக்கான 1929 தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. வலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியை எப்படியும் ஒருமுறை சந்தியுங்கள், பாடசாலையில் செய்ய வேண்டிய மாற்றங்களுக்கு அவர் சொல்லுக்குப் பெறுமதி உண்டு.

விசேட கல்வி அலகுக்கு மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. அந்த அலகுகள் தேவையான பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் கேட்டால் எல்லாம் விளங்குகிற பிள்ளைக்கு இடம் சாதாரண வகுப்புத்தான். வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. அதில் டிஸ்லெக்சியா என்று பெயர் சொல்லி எதுவுமில்லை, ஆகவே சட்டத்தை நீட்டுவதைவிட மருத்துவ அறிக்கையை நீட்டுவது காரியத்துக்கு உதவும். இங்கிலிஷ் மீடியமும் வேண்டாம். எழுத்து 26தான், ஆனால் ஒரே எழுத்து சொல்லுக்குச் சொல் வேறு ஒலி தரும், எழுதியும் ஒலிக்காத எழுத்துகள் ஏராளம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தமிழைவிட அது கடினம். இங்கிலிஷும் சிங்களமும் இப்போதைக்குப் பேச்சாக வரட்டும்.

புலமைப்பரிசிலைப் பற்றி ஒரு தவறான பயம் இருக்கிறது. அதில் சித்தியடையாவிட்டாலும் பிள்ளை தரம் 6க்குப் போகும். இதுவரை நடந்த முறையில் முதலாம் வினாத்தாளில் 40 கேள்விக்கு ஒரு மணித்தியாலம். வாசிப்பதையும் சேர்த்துக் கேள்விக்கு ஒன்றரை நிமிடம், மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்கு அது எப்படிப் போதும்? விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. மருத்துவ அறிக்கையோடு அதிபர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும், கொடுப்பதா என்பது திணைக்களத்தின் முடிவு. இந்தச் சலுகையைப் பெற்றும் எழுதலாம், பதற்றமில்லாமல் எழுதி வந்தால் போதும் என்றும் விடலாம். இரவு ஒன்பது மணிவரை புலமைப்பரிசில் வகுப்புக்கு மட்டும் அனுப்பாதீர்கள். தெரியாத எழுத்தை வைத்துக்கொண்டு கடந்தகால வினாத்தாள் செய்வதில் ஒரு பயனும் இல்லை.

உங்கள் கணவருக்கு

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி: மகனும் அவரைப் போலத்தான். மறுபாதியைத்தான் ஏற்க முடியாது. 2016இலிருந்து 16 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம், அது ஒன்று. லேண்ட்மாஸ்டரைக் கழற்றிப் பூட்டுகிற கைக்கும் இன்று உதிரிப்பாகப் பட்டியலும் லைசன்ஸ் விண்ணப்பமும் வாசிக்க வேண்டியிருக்கிறது, அது அவருக்கே தெரியும். பயிற்சியைக் கணவர் கொடுக்க வேண்டாம். ஒருநாள் மகனிடம் அவர் வாயால், "எனக்கும் எழுத்து ஏறல்ல மகன். அப்ப ஆரும் வேற மாதிரிச் சொல்லித் தரல்ல, அறிவில்லாம இல்ல. உனக்கு அம்மா சொல்லித் தருவா" என்று சொன்னால் போதும். அந்த வயிற்றுவலிக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. இதன்பிறகும், 50 தரம் நின்ற பிறகும் காலை வலி இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் கிளினிக்கில் அதையும் தனியாகச் சொல்லுங்கள்.

எட்டுக் கிழமை செய்து பாருங்கள். வெள்ளிக்கிழமைக் கணக்கில் சொல் எண்ணிக்கை கூடிக்கொண்டு வந்தால் பந்தியைக் கொஞ்சம் நீட்டுங்கள், தரம் 3 புத்தகத்துக்கு இன்னும் போக வேண்டாம். ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால் அட்டையைக் குறைத்து, காது வேலையைப் பத்து நிமிடமாக்குங்கள். இரண்டில் எது நடந்தாலும் கிளினிக் திகதியைத் தள்ளிப்போடாதீர்கள்.